அக்கா பார்த்துச் சொன்ன முகங்கள்

நான் தொழிலாக வரைந்தவர்கள் எல்லாரும் இறந்தவர்கள். இதைச் சொன்னால் சிலர் ஓரடி தள்ளி நிற்பார்கள். நிற்கட்டும். தேக்காவில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சாமிப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்று இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கடைக்கு நான்தான் முகம் வரைந்து கொடுத்தேன். வீட்டில் ஒருவர் போய்விட்டால் பதினாறாம் நாள் காரியத்துக்குள் மாலை போட ஒரு படம் வேண்டும். நல்ல போட்டோ இருப்பவர்கள் அதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டுக்கொள்வார்கள். யாருடைய கல்யாணத்திலோ கூட்டத்தின் ஓரத்தில் நின்ற படமும், பாஸ்போர்ட்டுக்காக முறைத்துக்கொண்டு எடுத்த படமும் மட்டுமே மிஞ்சியவர்கள் என்னிடம் வருவார்கள்.

கடைக்கார அண்ணன் என் கைபேசிக்குப் படத்தை அனுப்புவார். எனக்குப் பத்து நாள் கிடைக்கும், சில சமயம் எட்டு. சீக்கிரம் காயும் என்பதால் அக்ரிலிக் வண்ணத்தில்தான் வரைவேன். பூன் லேயில் எங்கள் வீட்டுச் சமையலறை சன்னலுக்குப் பக்கத்தில் மேசை. படம் முடிந்ததும் பின்பக்கச் சட்டத்தில் மாட்டும் கயிற்றை நானே மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிக் கொடுப்பேன். எனக்குத்தான் யாரும் மூன்று முடிச்சுப் போடவில்லை, படங்களுக்காவது இருக்கட்டும் என்று அக்காவிடம் சொல்லிச் சிரிப்பேன். அவள் சிரிக்க மாட்டாள்.

படத்தை வாங்க வரும் குடும்பம் முதலில் சட்டத்தைத் தொட்டுப் பார்க்கும். பிறகு யாராவது ஒருவர், "அப்படியே அம்மா உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இருந்தேன். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, வேறு பெருமையும் இல்லை. முகம் வரும் என்ற பெருமை மட்டும் தலை கொள்ளாமல் இருந்தது.

இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, எனக்கு முப்பத்தைந்து வயதிலேயே வந்துவிட்டது. மாத்திரையை மறப்பேன், காப்பிக்கடையில் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பால் தேநீர் கேட்பேன். ஐம்பதைத் தாண்டியபோது கண் கணக்குத் தீர்க்க ஆரம்பித்தது. முதலில் சன்னல் கம்பிகள் வளைந்தன. எதிரே இருந்த அடுக்குமாடி புளோக்கின் தாழ்வாரங்கள் ஈரத்தில் நனைந்த அட்டை போல நெளிந்தன. கண்ணுக்குப் பின்னால் சின்ன ரத்தக் குழாய்கள் கசிகின்றன, பார்வையின் நடுப்பகுதிதான் போகிறது, ஓரம் இருக்கும் என்றார் டாக்டர். ஓரம் இருக்கும் என்பதை நல்ல செய்தி மாதிரி சொன்னார்.

அதற்குப் பிறகு மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, இமையைக் கம்பியால் விரித்து வைத்து, "ஆன்ட்டி, லுக் அப்" என்பார்கள். மேலே பார்த்தால் ஊசி வருவது ஓரத்தில் தெரியும். ஓரம்தான் நன்றாகத் தெரிகிறதே. அக்கா வெளியே நாற்காலியில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அத்தான் போன பிறகு அவள் என்னோடு வந்து தங்கிவிட்டாள். பிள்ளைகள் இருவரும் ஆஸ்திரேலியாவில். என்னைவிட எட்டு வயது மூத்தவள், எனக்கு அம்மாவும் அவள்தான், வாத்தியாரும் அவள்தான், சண்டை போட இருந்த ஒரே ஆளும் அவள்தான்.

நடுப்பார்வை போவது என்றால் என்னவென்று கண் நன்றாக இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எதிரில் இருப்பவரின் முடி தெரியும், காது தெரியும், தோள் தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. கண்ணைத் திருப்பினால் கறையும் கூடவே வரும். போட்டோவைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கலாமே என்பார்கள். பார்த்தேன். ஒரு மூக்குத் துவாரம் திரை முழுக்க நிற்கும். அடுத்து ஒரு உதடு. துண்டு துண்டாக நூறு தடவை பார்த்தாலும் அவை சேர்ந்து ஒரு ஆளாவதில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அக்காவிடமும் பாதிதான் சொன்னேன். ஒரு பாட்டியம்மாவின் படத்தில் மாட்டிக்கொண்டேன். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, நெற்றியில் திருநீறு மட்டும் பூசி வாழ்ந்தவர். போட்டோவில் அந்த நெற்றி என் கறைக்குள் விழுந்திருந்தது. இருபது வருஷப் பழக்கத்தில் என் கை தானாகப் போய், பெரிதாக, நல்ல சிவப்பில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டது. காரியத்தன்று உறையைப் பிரித்த குடும்பம் அப்படியே நின்றுவிட்டதாம். மாலையைக் கையில் வைத்திருந்த மகன் அதைப் போடவே இல்லையாம். கடைக்கார அண்ணன் தொலைபேசியில் சொன்னார்: "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? அந்தம்மாவோட பொண்ணு அழுவுது. எங்கம்மா நாப்பது வருஷம் வைக்காத பொட்டுன்னு."

அன்று மத்தியானமே டாக்ஸி பிடித்துப் போனேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில், சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, தரையில் உட்கார்ந்து அந்தப் பொட்டைத் தோல் நிறத்தால் மூடினேன். அதன் மேல் திருநீற்றுக் கோட்டைப் போட்டேன். யாரோ எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அந்த வெட்கத்தை நான் இன்னும் செரிக்கவில்லை.

மறுநாள் அக்கா சமையலறையில் ஒரு ஸ்டூலை இழுத்து என் மேசை அருகே போட்டாள். "இனிமே நான் பார்த்துச் சொல்றேன். நீ போடு" என்றாள். அதுதான் எங்கள் தொழில்முறை ஆயிற்று. அவள் கைபேசியை மூக்குக்கு முன் பிடித்துக்கொண்டு சொல்வாள்: "இடது புருவம் கொஞ்சம் தூக்கலா இருக்கு. மேலுதட்டுல ஒரு மச்சம், மிளகு அளவு. சிரிக்கல, ஆனா சிரிக்கப் போற மாதிரி." நான் ஓரக்கண்ணால் கேன்வாஸைப் பார்த்துப் போடுவேன். போட்டதும் கேட்பேன். "இன்னும் கொஞ்சம் கீழ. ஆங், அங்கதான்." இப்படி ஒரு முகத்துக்கு ஐந்து நாள் ஆகும். கழுத்து வலிக்கும், இருவருக்கும் எரிச்சல் வரும். "மூக்கு மூக்கு மாதிரிதான் இருக்கு லா, வேற எப்படிச் சொல்ல" என்று கத்துவாள். மூக்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத் தெரியாதவளோடு நான் தொழில் செய்ய வேண்டியிருக்கிறது என்று நானும் கத்துவேன்.

முடிந்த படத்தை அவள்தான் கடைக்குக் கொண்டுபோனாள். அவுட்ரம் பார்க்கில் ரயில் மாறும் இடத்துக் கூட்டம் எனக்குப் பயமாகிவிட்டிருந்தது. திரும்பி வந்ததும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பேன், என்ன சொன்னார்கள் என்று. ஒவ்வொரு தடவையும் நல்லதாக ஏதாவது சொல்வாள். லாரி ஓட்டிய ஒருவரின் மனைவி படத்தைக் கட்டிப்பிடித்து அழுதாராம். ஓய்வுபெற்ற ஒரு டீச்சரின் மகன், என் கையைப் பார்த்துக் கும்பிட வேண்டும் என்றானாம். நான் அன்று இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன். கண் போனாலும் கை போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொன்னேன். ஒரு வருஷம் இப்படி ஓடியது.

ஒரு நாள் காலையில் அக்கா சந்தைக்குப் போயிருந்தாள். அண்ணன் அனுப்பிய புதுப் படம் ஒன்று இருந்தது, ஆறு நாளில் கொடுக்க வேண்டும். வண்ணம் காய வைக்கும் சின்ன மின்விசிறி பழுதாகிவிட்டதால் பழைய விசிறியைத் தேடி பாம் ஷெல்டருக்குள் போனேன். இங்கே புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் எல்லாம் அப்படி ஒரு சின்ன அறை உண்டு. தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ளக் கட்டியது, எல்லாரும் அரிசி மூட்டையும் வேண்டாத சாமானும் வைக்கிறோம். நான் பல மாதமாக உள்ளே போகவில்லை. கதவைத் திறந்ததும் மல்லிகை வாசமும் ஊதுவத்தி வாசமும் வந்தன. சாமி அறை கூடத்தின் அந்தப் பக்கம் இருக்கிறது. இங்கே எதற்கு இந்த வாசம் என்று நினைத்தேன்.

அரிசி மூட்டைக்குப் பின்னால் கையை விட்டேன். நூல் சேலை ஒன்று கையில் தட்டுப்பட்டது. அதற்குள் மரச்சட்டம். விரல் தானாகப் பின்பக்கம் போயிற்று. கயிறு. மூன்று முடிச்சு. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதிலும் மூன்று முடிச்சு. ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனேன். ஏழு இருந்தன.

ஒன்றைத் தூக்கிக்கொண்டு சன்னலுக்கு வந்தேன். சாய்த்துப் பிடித்து ஓரக்கண்ணால் பார்த்தேன். நீலச் சட்டை, பையில் பேனா, பின்னால் பச்சை. லாரிக்காரர். அவர் மனைவி கட்டிப்பிடித்து அழுத படம். மேல் விளிம்பில் காய்ந்த மல்லிகைச் சரம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. முகத்தை மட்டும் எவ்வளவு திருப்பிப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. என்ன தப்பு என்று என்னாலேயே பார்க்க முடியவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா வந்தாள். காய்கறிப் பை கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"எத்தனை திரும்பி வந்துச்சு?" என்றேன்.

"இருக்கிறதுதான்."

"போனது ஒன்பது. ரெண்டுதான் நின்னுச்சா?"

"ரெண்டு பேரு வாங்கிக்கிட்டாங்க. அவங்களும் பாவம் பார்த்து..." என்று நிறுத்திக்கொண்டாள்.

கடைக்கார அண்ணன் அவளைத்தான் கூப்பிட்டுச் சொல்வாராம். ஊறுகாய் வாங்கப் போகிறேன், கோயிலுக்குப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய், வேண்டாமென்று விடப்பட்ட படத்தை எடுத்துக்கொண்டு ரயிலில் வருவாளாம். அந்தக் குடும்பங்களுக்கு அண்ணன் போட்டோவையே பெரிதாக்கிக் கொடுத்துவிடுவாராம். எல்லாருக்கும் தெரியும். தேக்காவிலிருந்து பூன் லே வரை என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

"தூக்கிப் போட வேண்டியதுதானே? குப்பை போடுற குழாய் லிஃப்ட் பக்கத்துலதானே இருக்கு?"

"செத்தவங்க முகம்டீ. குப்பையில எப்படிப் போடுவேன்? அமாவாசைக்கு ஒரு பூ வச்சு ஊதுவத்தி ஏத்துவேன். யாரு வீட்டு ஆளோ, நம்ம வீட்டுல வந்து கிடக்குறாங்க."

அன்று நான் பேசியதை எல்லாம் எழுத எனக்கு விருப்பமில்லை. பொய் சொல்லிச் சொல்லி என்னைப் பைத்தியக்காரி ஆக்கிவிட்டாய் என்றேன். உனக்கு ஒரு வேலை வேண்டும், அதற்கு என்னை வைத்துக்கொண்டாய் என்றேன். அத்தானைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசியில், "உண்மையைச் சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? சுவத்தப் பார்த்து உக்காந்திருப்ப" என்றாள்.

"சுவராவது எனக்கு நேரா தெரியுதா?" என்றேன். இருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அண்ணனைக் கூப்பிட்டு, அந்தப் புதுப் படத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், நான் இனிமேல் வரையவில்லை என்றேன். "உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்மா நானும் சும்மா இருந்தேன்" என்றார். என்னை வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு மரியாதை தரவில்லை இவர்கள். என் மனசை இத்தனை பேர் சுமந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது கோபம்தான் வந்தது. நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஏழு படங்களை என்ன செய்வது என்ற கேள்வி இருந்தது. அந்தத் தவறான முகங்களோடு அவர்களை அங்கே அடைத்து வைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. வெள்ளை வண்ணத்தைக் குழைத்து, அகலத் தூரிகையால் ஒவ்வொரு முகத்தையும் மூடினேன். அக்கா பக்கத்தில் நின்று யார் யார் என்று சொன்னாள். இது லாரி ஓட்டியவர். இது படுக்கையில் கிடந்தே போன டீச்சர். இது கோயிலில் பால்குடத்தன்று மயங்கி விழுந்த பெரியவர். சொல்லிவிட்டு ஒவ்வொருவருக்கும் கையெடுத்துக் கும்பிட்டாள். காலையில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் ஏழு பேரும் போய்விட்டார்கள்.

லாரிக்காரர் இருந்த கேன்வாஸ் காய்ந்தபோது எனக்கு அந்த எண்ணம் வந்தது. இத்தனை நாள் நான் பார்த்திராத ஆட்களை, அக்காவின் வாயிலிருந்து வாங்கி வரைந்தேன். வராமல் போனதற்கு அவள் சொன்ன விதம் காரணமாக இருக்கலாம் என்று என் கர்வம் சொன்னது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு முகம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து பார்த்த முகம். அதற்குப் போட்டோவும் வேண்டாம், யாரும் பார்த்துச் சொல்லவும் வேண்டாம். அதுவும் வரவில்லை என்றால் என் கை முடிந்தது. வந்துவிட்டால் எனக்கு இன்னும் ஏதோ மிஞ்சியிருக்கிறது.

கேட்கத் தயங்கினேன். உயிரோடு இருப்பவரை நான் வரைந்ததே இல்லை. என்னைப் போன்றவர் கையால் படம் வந்தால் ஆயுள் குறையும் என்பார்கள். அக்காவின் மகள் ஒரு தடவை விளையாட்டாகத் தன்னை வரையச் சொன்னபோது, அக்காவே ஓடிவந்து தடுத்தாள்.

"உன்னை வரையட்டுமா?" என்றேன்.

கீரைக் கட்டைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வந்தாள். "எனக்கு அறுபத்தி ரெண்டு ஆச்சு. இனிமே என்ன? வரை" என்றாள்.

"ஒரு கண்டிஷன். முடிஞ்சதும் உண்மையைச் சொல்லணும். எனக்காகப் பொய் சொன்னா நான் ஆயுசுக்கும் உன்கிட்ட பேச மாட்டேன்."

"சரி."

"சாமி மேல சத்தியமா?"

"சரின்னு சொல்லிட்டேன் லா."

நான்கு காலை உட்கார்ந்தாள். அவள் காதைப் பார்த்தால் கன்னம் கொஞ்சம் தெரிந்தது. கூந்தலைப் பார்த்தால் புருவம் வந்து போயிற்று. மற்றதைக் கையால் தேடினேன். கன்ன எலும்பு, தாடை, சின்ன வயதில் ஊஞ்சலில் அடிபட்டு மூக்கில் விழுந்த மேடு. தோல் தொளதொளத்திருந்தது. அவள் எப்போது இவ்வளவு கிழவியானாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பற்றி எனக்கிருந்த ஞாபகம் அத்தனையும் அத்தான் இருந்த காலத்தது, மஞ்சள் பூசி, மூக்குத்தி போட்டு. விரலில் பட்டது ஒன்று, ஞாபகத்தில் இருந்தது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் நான் தடுமாறினேன். ஆனாலும் கை ஓடியது. நான்காம் நாள் தூரிகையைக் கழுவும்போது எனக்குள் ஒரு நிச்சயம் இருந்தது. வந்துவிட்டது என்றே நம்பினேன்.

"வந்து பாரு" என்றேன்.

வந்து நின்றாள். கீழே பேருந்து நிறுத்தத்தில் பேருந்து வந்து நின்று, கதவு திறந்து, மூடி, கிளம்பிப் போயிற்று.

"சொல்லு."

"நான் இல்லடீ."

"அம்மா மாதிரியா?"

"அம்மாவும் இல்ல."

"பின்ன யாரு?"

"தெரியல. யாரோ ஒரு பொம்பள. பாவமா இருக்கா."

நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். அவளும் அழுதாள் என்று நினைக்கிறேன், மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை, கண்டிஷனைக் காப்பாற்றினாள். கொஞ்ச நேரம் கழித்து, சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள்.

வண்ணக் குப்பிகளைப் பக்கத்துப் புளோக்கில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம். மேசையில் இப்போது மிக்ஸி இருக்கிறது. அந்தப் படத்தை வெள்ளையடித்துவிடச் சொன்னேன், அக்கா கேட்கவில்லை. ஆணி அடித்து அவளே கூடத்தில் மாட்டினாள். மாலை போடவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்மணி நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார். நான் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு அறைக்குள் படுத்திருந்தேன். கூடத்தில் அவர் குரல் கேட்டது.

"யாருக்கா இது? புதுசா மாட்டியிருக்கீங்க. உங்க சொந்தமா?"

அக்கா என்ன சொல்லப்போகிறாள் என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். தூரத்துச் சொந்தம், பெரியம்மா மகள் என்று எதையாவது சொல்லிவிட அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லிவிடு என்றுதான் என் மனசு கெஞ்சியது.

"என்னைத்தான் வரைஞ்சா, என் தங்கச்சி" என்றாள் அக்கா. "வரல."

கஞ்சியை மாற்ற அக்கா பாத்திரம் எடுக்கும் சத்தம் கேட்டது. கண்ணில் விட்ட மருந்து காதுப் பக்கமாக வழிந்தது, துடைத்துக்கொண்டேன்.